கறுப்பு விளிம்பு

டோனர்ஸ் ஃபெர்ரி, பென்சில்வேனியா
1987 ஜனவரி 12

மதிப்புள்ள ஹார்லன் டெக்கர் அவர்களுக்கு,

நலம். அயோவாவில் நீங்களும் உங்கள் மனைவியும் சுகமாக இருக்கிறீர்களா? இங்கே ஆறு கரையோரம் உறைந்து கிடக்கிறது. பனி வருவதை வானொலிக்கு முன்பே என் முழங்கால் சொல்லிவிடுகிறது.

பத்திரிகையில் என் விளம்பரத்தைப் பார்த்து எழுதியதற்கு நன்றி. நீங்கள் கேட்ட, ஆட்டக்காரர் படம் போட்ட மூன்று பேஸ்பால் அட்டைகளும் இதனுடன் வருகின்றன. எழுபத்தொன்றாம் வருடத்து அட்டைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுற்றிலும் கறுப்பு விளிம்பு. நகம் பட்டாலே கறுப்பு உதிர்ந்து வெள்ளை பல்லிளிக்கும். பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் செருகிச் சுற்றியது போக, பதினாறு வருடம் கழித்தும் கறுப்பு கறுப்பாகவே இருக்கும் அட்டை கிடைப்பது அரிது.

இந்த மூன்றும் கை படாதவை. உதிர்ந்த இடத்தில் பேனா மையைத் தடவி விற்கிறவர்கள் நம்மிடையே உண்டு. நான் அவர்களில் ஒருவன் அல்ல. மனதுக்கு ஒப்பவில்லை என்றால் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள்.

இரும்பாலை மூடிய பிறகு இதுதான் என் தொழில். சனிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மேசை போடுகிறேன்; மற்ற நாட்களில் தபாலை நம்பி இருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையுள்ள,
மிலன் ஹுடாக்


கெஸ்லர், அயோவா
1987 ஜனவரி 27

அன்புள்ள ஹுடாக்,

இங்கே நாங்கள் நலம். உங்கள் முழங்காலுக்கு என் வணக்கம். இங்கேயும் அது சொன்னபடியே பனி கொட்டியது.

அட்டைகள் வந்தன. சாப்பாட்டு மேசையிலேயே பரப்பி வைத்து, அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி அட்டையைப் பார்க்கவில்லை, உங்கள் கடிதத்தைத்தான் பார்த்தாள். "இவ்வளவு நிதானமா எழுதுற மனுஷன் பொய் சொல்ல மாட்டார்"னு சொன்னாள். நான் தானியக் கிடங்கில் எடை போடுகிறவன். என் கையெழுத்து கோழி நடந்த தடம் மாதிரி இருக்கும். என்னைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாளோ!

எங்கள் ஊரில் அட்டை சேர்ப்பவர்கள் சின்ன சங்கமாக இருக்கிறோம். ஒரு வியாபாரியை ஒருவர் நம்பிச் சொன்னால் மற்றவர்கள் வாங்குவார்கள். அட்டை கெட்டதாக இருந்தால், சொன்னவர்தான் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். இதுவரை நான் அப்படி நின்றதில்லை. உங்களைப் பற்றிச் சொல்லலாம் என்றிருக்கிறேன். இன்னும் என்ன வைத்திருக்கிறீர்கள்?

அன்புடன்,
ஹார்லன் டெக்கர்


டோனர்ஸ் ஃபெர்ரி
1987 பிப்ரவரி 9

மதிப்புள்ள டெக்கர் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் வார்த்தைகள் எனக்குப் பெரிய மரியாதை. உங்கள் மனைவிக்கு நன்றி சொல்லுங்கள்.

எட்டு அட்டைகள் அனுப்பியிருக்கிறேன். சிகாகோ பந்துவீச்சாளர் இருவர், பால்டிமோர் ஆட்டக்காரர்கள் நால்வர், மற்ற இருவர் புதிதாக ஆட வந்தவர்கள். எல்லாவற்றிலும் விளிம்பு கறுப்பாக இருக்கிறது. பத்து நாள் கெடு இதற்கும் உண்டு.

உண்மையுள்ள,
மிலன் ஹுடாக்


கெஸ்லர்
1987 பிப்ரவரி 24

அன்புள்ள ஹுடாக்,

நலம்தானே? எனக்குச் சளி, என் மனைவி வெங்காயச் சாறு கொடுத்தே என்னைக் கொன்றுவிடுவாள் போலிருக்கிறது.

எட்டும் வந்து சேர்ந்தன. நான் சொன்னதைக் கேட்டு நெல்ஸ் பிராண்ட் அவற்றில் இரண்டை வாங்கிக்கொண்டார். ஆறு வருடமாக எழுபத்தொன்றாம் வருடத்து அட்டைகளை முழுதாகச் சேர்க்கிறவர். கண்ணில் புரை விழுந்திருக்கிறது. "ஹார்லன், நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்"னு சொல்லி, அட்டை இருந்த பையைத் திறக்காமலே வாங்கினார். அவருக்கு இன்னும் பன்னிரண்டு அட்டைகள் தேவை. எல்லாம் கிடைப்பதற்கு அரியவை. உங்களிடம் இருந்தால் மொத்தமாக வாங்கிக்கொள்வார், பொறுப்பு என்னுடையது.

ஒரு சின்ன விஷயம். போன கடிதத்தில் 'கை படாதவை' என்று எழுதியிருந்தீர்கள். இதில் அந்த வார்த்தை இல்லையே? மறந்திருப்பீர்கள். எனக்கு அவசியமில்லை, ஆனால் நெல்ஸுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அடுத்ததில் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஹார்லன் டெக்கர்


டோனர்ஸ் ஃபெர்ரி
1987 மார்ச் 3, இரவு

டெக்கர் ஐயா அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் மனைவியும் நலமாக இருக்க வேண்டும். சளி குறைந்ததா?

கையெழுத்தைப் பார்த்து அப்பா எழுதியது என்று நினைப்பீர்கள். எல்லாக் கடிதத்தையும் எழுதியது நான்தான். என் பெயர் பெர்னடெட். எட்டாம் வகுப்பு படிக்கிறேன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆலையில் யாருக்கும் அது தெரியாது. இப்போதும் வெளியே யாருக்கும் தெரியாது. அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். வரும் கடிதத்தை நான்தான் சத்தமாகப் படிப்பேன். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இரவு வேலை. அதனால் இப்போது எழுதுகிறேன். மாடிப்படி சத்தம் போட்டால் நிறுத்திவிடுவேன்.

ஜனவரியில் 'கை படாதவை' என்று அப்பா சொன்னபோது நம்பித்தான் எழுதினேன். அந்த மாதக் கடைசியில் துவைத்த துணியை எடுக்க நிலவறைக்குப் போனேன். அப்பா விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, கறுப்பு மார்க்கர் பேனாவால் ஓர் அட்டையின் மூலையைத் தொட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எல்லாரும்தான் தொடுறாங்க, பெர்னி. பொண்ணுங்க கண்ணுக்கு மை வைக்கறதில்லையா? அது மாதிரி"ன்னார். நான் துணியை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

பிப்ரவரிக் கடிதத்திலும் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். நான் எழுதவில்லை. நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் மறதி என்று நினைத்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்தபோது அந்தப் பகுதி முழுவதையும் விட்டுவிட்டு, நெல்ஸ் அவர்கள் பன்னிரண்டு அட்டை கேட்டதையும் வெங்காயச் சாற்றையும் மட்டும் படித்தேன். அப்பா சிரித்தார்.

அட்டையை முன்பக்கம் பார்த்தால் தெரியாது. தாள் கட்டைப் பார்ப்பதுபோல் பக்கவாட்டில் பாருங்கள். நல்ல அட்டையில் வெட்டுப்பட்ட ஓரம் சாம்பல் நிறமாக இருக்கும். பேனா பட்டால் மை ஓரத்திலும் ஊறியிருக்கும். முதல் மூன்றில் எது எப்படி என்று எனக்குத் தெரியாது.

பன்னிரண்டையும் வாங்காதீர்கள். ஆனால் அப்பாவை யாரிடமும் சொல்லிக்கொடுக்காதீர்கள். தபால் வழியாக ஏமாற்றினால் ஜெயில் என்று சமூகப் பாடத்தில் படித்தோம். நான் எழுதியதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் வேண்டாம். நான் பள்ளியில் இருக்கும்போது தபால் வரும்; வேறு யாராவது பிரித்து அப்பாவுக்குப் படித்துவிடலாம்.

மன்னிக்கவும்.
பெர்னடெட்


டோனர்ஸ் ஃபெர்ரி
1987 மார்ச் 21

மதிப்புள்ள டெக்கர் அவர்களுக்கு,

நலம். உங்களிடமிருந்து பதில் இல்லாததால் உடம்புக்கு ஏதோ என்று கவலையாக இருக்கிறது. தபாலைப் பற்றி மகளிடம் தினமும் கேட்கிறேன்.

நெல்ஸ் பிராண்ட் அவர்களுக்கான பன்னிரண்டில் பத்து சேர்ந்துவிட்டன. தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பத்தும் கை படாதவை. இதை இரண்டு முறை சொல்லி எழுத வைக்கிறேன்: பத்தும் கை படாதவை.

உண்மையுள்ள,
மிலன் ஹுடாக்


கெஸ்லர்
1987 ஏப்ரல் 1

திரு. ஹுடாக்,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம். இங்கே உழவு தொடங்கிவிட்டது.

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. உங்களிடம் வாங்கியவற்றை மேசை விளக்கின் அடியில் ஒவ்வொன்றாக நிறுத்தி, பக்கவாட்டில் பார்த்தேன். அதை முன்பே செய்திருக்க வேண்டும். அழகாக இருந்ததால் செய்யவில்லை. நெல்ஸிடம் கொடுத்த இரண்டையும் கேட்டு வாங்கி வந்து பார்த்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. என்ன கண்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பத்து அட்டைகளை அனுப்ப வேண்டாம். கூட்டம் மே ஒன்பதாம் தேதி. அன்று நான் எழுந்து நிற்பேன். ஒரு நண்பருக்குக் கெட்ட அட்டையை என் வார்த்தையின் பேரில் விற்றேன் என்று சொல்வேன். யாரிடம் வாங்கினாய் என்று கேட்பார்கள். அதற்கு முன்பு உங்கள் பதில் எனக்கு வேண்டும். அட்டையின் ஓரம் சொன்னது போதாது, மனிதர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் முழுதும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஹார்லன் டெக்கர்


டோனர்ஸ் ஃபெர்ரி
1987 ஏப்ரல் 8, இரவு

டெக்கர் ஐயா அவர்களுக்கு,

நலமாக இருங்கள். என்னைப் பற்றி எழுதாமல் விட்டதற்கு நன்றி.

கடைசி வரி எனக்கென்று தெரிந்தது. ஆனால் என்னால் முடியவில்லை. உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. அப்பாவும் ஸ்டான்லி மாமாவும் கூடத்திலிருந்து திரும்பி வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா ஆலையில் அப்பாவோடு வேலை பார்த்தவர். கூடத்தில் பக்கத்து மேசையும் அவருடையதுதான். உறையை அவரே பிரித்துவிட்டார்.

"குடு பெர்னி, உங்கப்பனோட அயோவாக்காரன் என்ன கதை விடுறான்னு நான் படிக்கிறேன்"னார்.

அப்பா எட்டி அவரிடமிருந்து தாளைப் பிடுங்கினார்.

"நீ எழுத்துக்கூட்டிப் படிக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும்டா, ஸ்டான். என் பொண்ணு படிச்சாத்தான் எனக்குக் கேக்கப் பிடிக்கும்."

"ஆமா, ராஜா வீட்டு ராஜகுமாரி! நீயே ஏன் படிக்க மாட்டேங்கற?"

"கண்ணாடி எங்கயோ வெச்சிட்டேன்."

"அஞ்சு வருஷமா அதை எங்கயோதான் வெச்சிருக்க"ன்னு ஸ்டான்லி மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்பாவின் காது மட்டும் சிவந்திருந்தது. பிறகு தாளை என்னிடம் நீட்டினார். இவர் என்னை அவ்வளவு நம்புகிறார்; நான் உழவைப் பற்றியும், எல்லாரும் நலம் என்பதையும் படித்தேன். நெல்ஸ் அவர்களுக்கு இப்போது பத்தும் வேண்டாமாம், கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறார் என்று நானே சேர்த்துச் சொன்னேன். இல்லாத வரியைக் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன். பேனாவே இல்லாமல் நானும் தொட்டுவிட்டேன்.

அப்பா கெட்டவர் இல்லை. உங்களுக்கு அவரைத் தெரியாது. ஆலை மூடிய வருடம் வேலைக்கு மனு கொடுக்கப் போன இடத்திலெல்லாம் நிரப்பச் சொல்லித் தாளை நீட்டினார்கள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் திரும்பி வந்துவிட்டார். அட்டைக்குத்தான் தாள் நிரப்ப வேண்டாம். படத்தைப் பார்த்தே எந்த வருடம், எந்த அணி என்று சொல்லிவிடுவார்.

நான் படித்தால் அவர் என்னைப் பார்க்கவே மாட்டார் என்று பயமாக இருக்கிறது. படிக்காவிட்டால் அப்பாவின் பதில் இல்லாமலே நீங்கள் கூட்டத்தில் நிற்பீர்கள். என்ன செய்யட்டும்? தயவுசெய்து எனக்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள். பள்ளி முகவரிக்கு அனுப்பினால் அலுவலகத்தில் வாங்கிக்கொள்வேன்.

பெர்னடெட்


கெஸ்லர்
1987 ஏப்ரல் 20

அன்புள்ள பெர்னடெட்,

நீ நலமாக இருக்க வேண்டும், அம்மா. சரியாகத் தூங்க வேண்டும்.

உனக்குப் பதிலை முதலில் ஒரு தாளில் எழுதி, இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். பிறகு என் மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "ஒரு தடவை அனுப்புங்க. ரெண்டாவது தடவை வேண்டாம்"னு சொன்னாள். அவள் சொல்வது சரி. உன் அப்பாவுக்குத் தெரியாமல் ஓர் அன்னியன் உனக்குக் கடிதம் எழுதுவது நல்லதல்ல. அதனால் இதுதான் கடைசி. இதையும் நீ அவரிடம் காட்டலாம்.

தபால் அதிகாரிக்கு நான் எழுதப்போவதில்லை. அந்த பயத்தை விடு. ஆனால் மே ஒன்பதாம் தேதி பெயரைக் கேட்டால் சொல்வேன். நெல்ஸ் என் கண்ணை நம்பினார். வேறு யாரும் இதேபோல் வாங்கி ஏமாந்துவிடக்கூடாது. உனக்காக மறைத்தால், நீ எனக்கு எழுதியதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

என்ன செய்ய என்று கேட்டாய். உன் வயதுப் பெண் இதைத் தூக்கிச் சுமக்கக்கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். படித்துக் காட்டு என்று கட்டளையிட எனக்கு உரிமை இல்லை. படித்தாலும் படிக்காவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது.

உன் நலம் விரும்பும்,
ஹார்லன் டெக்கர்


டோனர்ஸ் ஃபெர்ரி
1987 மே 2, சனிக்கிழமை, பகல்

டெக்கர் ஐயா அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் உங்கள் மனைவியும் நலமா என்று அப்பா கேட்கச் சொன்னார். அப்பா எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியும். முதல் பாதியை என் இஷ்டப்படி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

புதன்கிழமை அம்மா வேலைக்குப் போன பிறகு உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்து அப்பா முன்னால் உட்கார்ந்தேன். "புதுசா வந்திருக்கா?"ன்னார். "இல்லப்பா, பழசுதான். சரியா படிக்கல"ன்னு சொன்னேன். வெங்காயச் சாற்றுக் கடிதத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் படித்தேன். எனக்கு நீங்கள் எழுதியதையும் படித்தேன். நெல்ஸ் அவர்கள் பையைத் திறக்காமல் வாங்கினார் என்ற இடத்தில் அப்பா கையை உயர்த்தினார். "அதை மறுபடி படி." படித்தேன். "இன்னொரு தடவை." மூன்றாவது முறை என்னால் முடியவில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் பயந்தபடியே ஆயிற்று. பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பிப்ரவரில அந்த வார்த்தையை நீ எழுதல. எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எப்படிப்பா?"

"நான் சொல்லி முடிக்கறதுக்கு முந்தியே உன் பேனா நின்னுடுச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது, பெர்னி. காது கேக்கும். எந்த வார்த்தைக்கு உன் பேனா எவ்வளவு நேரம் ஓடும்னு எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவே."

மார்ச்சில் இரண்டு முறை எழுத வைத்தது அதற்காகத்தானாம். அன்றைக்குப் பேனா நிற்காமல் ஓடியதாம். "ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல"ன்னார்.

இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. நேற்று மாலை ஸ்டான்லி மாமா வீட்டுக்கு நடந்து போனார். மாமாவின் அண்ணன் மகன் அப்பாவிடம் வாங்கிய அட்டையும் தொட்டதுதான். வீடு திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது. "என்னப்பா சொன்னாரு?"ன்னு கேட்டேன். "மொதல்ல திட்டினான். அப்புறம், எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னேன். அதுக்கு அப்புறம் திட்டல. அதுதான் மோசம்"னார். இன்றைக்கு மாமாவும் மற்றவர்களும் கூடத்தில் மேசை போட்டிருப்பார்கள். அப்பா போகவில்லை.

இனி வருவது அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது.

திரு. டெக்கர், நீங்கள் வாங்கிய முதல் மூன்றில் ஒன்று தொட்டது: இடது கீழ் மூலை. எட்டில் ஐந்து தொட்டவை. சிகாகோ பந்துவீச்சாளர்களில் இடதுகைக்காரருக்கு மேல் விளிம்பு முழுவதும், மற்றவர் சுத்தம். பால்டிமோர் நால்வரில் மூவருக்கு வலப்பக்கம். புதிதாக ஆட வந்தவர்களில் மீசை வைத்தவருக்கு இரண்டு மூலை. நெல்ஸ் பிராண்ட் அவர்களிடம் போனவை எவை என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் திரும்பி வரட்டும். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன். பணத்தை மாதாமாதம் அனுப்புவேன்.

கூட்டத்தில் என் பெயரைச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். கையெழுத்து என் மகளுடையது, சொன்ன வாய் என்னுடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

இது மறுபடியும் நான். அட்டை வாங்கிய எல்லாருக்கும் எழுத வேண்டுமென்று அப்பா சொன்னபோது, "யாருக்கு என்ன வித்தோம்னு எங்கயும் எழுதி வைக்கலியேப்பா"ன்னேன். "எனக்கு எழுதத் தெரியாதும்மா. மறக்கவும் தெரியாது"ன்னார். ஓஹையோ, மேற்கு வர்ஜீனியா, ஈரி ஏரிப் பக்கம் ஒரு பாதிரியார் என்று ஊர் ஊராக, அட்டை அட்டையாக, எந்த ஓரத்தில் எத்தனை முறை பேனா வைத்தார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போகிறார். எப்போதோ ஒரு முறை மட்டும் கண்ணைத் திறந்து, என் பேனா ஓடுகிறதா என்று பார்க்கிறார்.

உங்களுக்கு எழுதுவதுதான் முதல் கடிதம். இன்னும் நிறைய இருக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன். அப்பா அடுத்த பெயரைச் சொல்லிவிட்டார்.

பெர்னடெட் ஹுடாக்